மீசைக்கு வந்த நடுவர்கள்

ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் மட்டம் தட்டியே பொழுதைப் போக்கிக்கொண்டு ரெண்டு நாடுகள் இருந்தன. வடக்குக் கரையில் இருந்தது வடகரை. தெற்குக் கரையில் இருந்தது தென்கரை. பெயர் வைப்பதில் அந்த ஜனங்கள் அதிகம் மெனக்கெடவில்லை.

வடகரைக்குப் பாட்டுக் கச்சேரி என்றால் உயிர். தென்கரைக்குத் தோல்பாவைக் கூத்து என்றால் உயிர். ஒருநாள் ஒரு கல்யாணப் பந்தியில் ரெண்டு ராஜாக்களையும் யாரோ பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டான். அவன் நல்லா இருப்பானா? பாயசம் வருவதற்குள் சண்டை வந்துவிட்டது.

"காஞ்ச தோலைக் குச்சியில கட்டி ஆட்டுறதெல்லாம் ஒரு கலையாய்யா?" என்றார் வடகரை ராஜா விருப்பண்ணர்.

"தொண்டை கட்டினவன் மாதிரி இழுத்துக்கிட்டே கிடக்கறது மட்டும் கலையோ?" என்றார் தென்கரை ராஜா சொக்கபூபதி.

"எங்க கலை உங்க கலையைவிட மட்டம்னு நடுவர் சொல்லட்டும், இந்த மீசையை எடுத்துடறேன்!"

"அதையே எங்களைச் சொல்லட்டும், நானும் எடுத்துடறேன்!"

சபையில் சொல்லியாகிவிட்டது. அப்புறம்தான் ரெண்டு பேரும் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். விருப்பண்ணரின் ராணி, "அந்த மீசை போச்சுன்னா உங்க மூஞ்சி துடைச்சு வெச்ச தோசைக்கல்லு மாதிரி இருக்கும். நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று அன்றைக்கே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். சொக்கபூபதி பாடு இன்னும் மோசம். அவருக்கு மேலுதடு என்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது. அது இத்தனை வருஷமாக மீசைக்குப் பின்னால் மறைந்திருந்த ராஜரகசியம்.

நடுவராக யார் வருவது? ஒரு ராஜாவின் மீசையைச் சிரைக்கச் சொல்லிவிட்டு எவன் கழுத்தோடு வீடு திரும்புவான்? புத்தியுள்ளவர்கள் எல்லோருக்கும் அன்று சாயங்காலமே காய்ச்சல் வந்துவிட்டது.

ஆற்றுக்கு நடுவில் ஒரு மணல் திட்டு உண்டு. அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. அங்கே ஒச்சப்பன், செவத்தான், முத்திருளன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் தர்பூசணி போட்டுப் பிழைத்தார்கள். ரெண்டு நாட்டு மந்திரிகளும் பரிசலில் போய் இறங்கினார்கள்.

"மூணே விஷயம்தான்" என்றார் வடகரை மந்திரி. "கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லணும், காதுல விழுந்ததைச் சொல்லக்கூடாது. ஒரு நாட்டுல எப்படி நடந்துக்கிட்டீங்களோ, அடுத்த நாட்டுலயும் இம்மி பிசகாம அப்படியே நடந்துக்கணும். முக்கியமா, ஜனங்களைப் பாருங்க. ஜனங்க ரசிக்கிறதுதான் கலை."

"அவ்வளவுதானே?" என்றார்கள் மூவரும். அதைக் கேட்டபோதே மந்திரி உஷாராகியிருக்க வேண்டும்.

முதலில் வடகரைக் கச்சேரி. பந்தல் வாசலில் செவத்தானுக்குச் சந்தேகம் வந்தது.

"அண்ணே, காதுல விழுந்ததைச் சொல்லக்கூடாதுன்னாரே. விழுந்துட்டா என்ன பண்றது?"

ஒச்சப்பன் வெகுநேரம் யோசித்தான். "விழாமப் பார்த்துக்கணும்டா. நாம நாணயஸ்தனுங்க."

ஆளுக்கு ரெண்டு உருண்டை பஞ்சை நன்றாகத் திணித்துக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்.

பாகவதர் கல்லையும் கரைக்கிற மாதிரி பாடினார். மூவரும் அவர் வாயையே உற்றுப் பார்த்தார்கள். பாவம், பஞ்சுக்குள் ஒன்றும் நுழையவில்லை. திடீரென்று ஒச்சப்பனுக்கு மூன்றாவது விஷயம் ஞாபகம் வந்தது. தம்பிகளைத் தட்டி, மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தான். இனி ஜனங்களைப் பார்க்க வேண்டும் அல்லவா?

நடுவர்களின் முதுகைப் பார்த்த பாகவதருக்கு அழுகை வந்தது. அழுகையோடு இன்னும் உருக்கமாகப் பாடினார். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். விருப்பண்ணர் மீசையைத் துடைத்துக்கொண்டார், இன்னும் எத்தனை நாளைக்கோ என்று. கடைக்குட்டி முத்திருளன் மட்டும் பக்கத்திலிருந்த தளபதியின் மடியில் தலையை வைத்துத் தூங்கிவிட்டான். நடுவர் விழித்தால் கோபித்துக்கொள்வாரோ என்று தளபதி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது தென்கரையில் பாவைக்கூத்து. பஞ்சு வைத்தாயிற்று. முதல் வரிசையில் முதுகைத் திருப்பி உட்கார்ந்தாயிற்று. திரையில் ராட்சசன் பொம்மை ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு ஓட, ஜனங்கள் அலறினார்கள். அப்போது ஒச்சப்பன் பதறிப்போய்த் தம்பிகளை வெளியே இழுத்துக்கொண்டு போய்ப் பஞ்சை எடுத்தான்.

"டேய் முத்திருளா! வடகரையில தூங்கினியே. இங்கே முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே. இது ஓரவஞ்சனை இல்லையா?"

"தூக்கம் வரலியேண்ணே."

"வரலைன்னா வரவழைக்கணும். ஒரு ராஜாவோட மானம்டா!"

"யார் மடியில தூங்குறது?" என்று கேட்டான் செவத்தான்.

"அங்கே தளபதி. இங்கேயும் தளபதிதான்."

பஞ்சைத் திரும்பத் திணித்துக்கொண்டு உள்ளே போனார்கள். தென்கரைத் தளபதிக்குக் கூச்சம் அதிகம். நடுவரின் தலை மடியில் பட்டதுமே நெளிந்தார். ஒச்சப்பன் தாலாட்டுப் பாடினான். முத்திருளன் காதில்தான் பஞ்சு இருக்கிறதே, எப்படிக் கேட்கும்? கடைசியில் சொக்கபூபதியே கண்ணைக் காட்டி உத்தரவு போட, கூத்து முடிகிறவரை தளபதி மடியை ஆட்டிக்கொண்டே இருந்தார். முத்திருளன் தூங்கவில்லை. ஆனாலும் மரியாதைக்காகக் கண்ணை மூடிக்கொண்டான்.

தீர்ப்பு நாள் வந்தது. திட்டில் ரெண்டு நாற்காலி, ரெண்டு ராஜா, ரெண்டு நாவிதர், தீட்டி வைத்த ரெண்டு கத்தி. பரிசலிலும் கரையிலும் ஈ எறும்பு நுழைய முடியாத கூட்டம்.

ஒச்சப்பன் தொண்டையைக் கனைத்தான்.

"வடகரையில பாகவதர் வாயைத் திறந்தார், மூடினார். பல்வலியோ என்னமோ, பாவம். பக்கத்துல ஒருத்தர் மத்தளத்தைத் தட்டிக்கிட்டே இருந்தார். தர்பூசணியை நாங்க ரெண்டு தட்டு தட்டினாப் போதும், பழமா காயான்னு சொல்லிடுவோம். அந்த மனுஷன் எம்புட்டுத் தட்டியும் கண்டுபிடிக்கலை."

விருப்பண்ணர் கண்ணை மூடிக்கொண்டார். சொக்கபூபதி மீசையை முறுக்கினார்.

"தென்கரையில திரைன்னு ஒண்ணு இருந்ததாம். எங்க முதுகுக்குப் பின்னால இருந்ததால நாங்க பார்க்கலை."

சொக்கபூபதி முறுக்கிய மீசையை இறக்கிவிட்டார்.

"ஆனா ஜனங்களை நல்லாப் பார்த்தோம். வடகரை ஜனம் தலையை ஆட்டுச்சு, கண்ணைத் துடைச்சுச்சு, முறுக்கு தின்னுச்சு. தென்கரை ஜனமும் தலையை ஆட்டுச்சு, கண்ணைத் துடைச்சுச்சு, முறுக்கு தின்னுச்சு."

"வித்தியாசமே இல்லையா?" என்று அடித்தொண்டையில் கேட்டார் விருப்பண்ணர்.

"இருக்கு. தென்கரை முறுக்குல எள்ளு இருந்துச்சு."

மூவரும் ஓரமாகப் போய்க் கூடிப் பேசினார்கள்.

"எள்ளு கலையில சேருமாண்ணே?" என்றான் செவத்தான்.

"பல்லுல சேரும். கலையில சேராது" என்றான் முத்திருளன்.

திரும்பி வந்து ஒச்சப்பன் சொன்னான்: "ரெண்டு நாடும் சமம்."

அப்பாடா! ரெண்டு ராஜாக்களும் பாய்ந்து கட்டிக்கொண்டார்கள். ராணி மூட்டையை அவிழ்த்தாள். நாவிதர்கள் கத்தியை மடக்கினார்கள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றான் ஒச்சப்பன். "தோத்தவர் மீசையை எடுக்கணும்னு பேச்சு. ரெண்டு பேரும் சமமாத் தோத்திருக்காங்க. ஒரு மீசையை எப்படிப் பங்கு போடறது?"

"எங்களுக்குள்ள ஒரு பழத்துக்குத் தகராறு வந்தா சரிபாதியா அறுத்துக்குவோமே" என்றான் செவத்தான். "ஆளுக்குப் பாதி."

ராஜாக்கள் குதித்தார்கள், கத்தினார்கள். மந்திரிகள்தான் தலையைக் குனிந்துகொண்டு, "நடுவர் பேச்சுக்குக் கட்டுப்படறதா சபையில சத்தியம் பண்ணிட்டீங்களே" என்றார்கள். வேறு வழியில்லை. விருப்பண்ணருக்கு இடது பக்கமும் சொக்கபூபதிக்கு வலது பக்கமும் வழுவழு என்று ஆனது.

மூவரும் எட்ட நின்று பார்த்தார்கள். ராஜாக்களை இழுத்துக் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நிற்க வைத்தார்கள். ஆகா, நடுவில் ஒரு முழு மீசை!

ரெண்டு கரையிலும் சிரிப்பு வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். எந்தக் கச்சேரிக்கும் எந்தக் கூத்துக்கும் அந்த ஆறு அப்படி அதிர்ந்ததில்லை. ரெண்டு நாட்டுக்கும் பொதுவாக ஒரு பழக்கம் உண்டு. பிடித்துப்போனதை விடமாட்டார்கள், திரும்பச் செய்யச் சொல்வார்கள்.

"இன்னொரு தரம்!" என்று கத்தியது வடகரை.

"இன்னொரு தரம்! இன்னொரு தரம்!" என்று கத்தியது தென்கரை.

"ஜனங்க ரசிக்கிறதுதான் கலை" என்று ஒச்சப்பன் பவ்யமாகக் கும்பிட்டு, நாவிதர்களைப் பார்த்துத் தலையசைத்தான்.

மிச்சமிருந்த பாதியும் போனது. ராணி மூட்டையைத் திரும்பவும் கட்டினாள். சொக்கபூபதியின் மேலுதட்டை ரெண்டு நாடும் கூடித் தேடியது.

"இன்னொரு தரம்!" என்று மறுபடி கிளம்பியது கூச்சல்.

ராஜாக்களிடம் இனி எடுக்க ஒன்றுமில்லை. மூன்று நடுவர்களும் கொஞ்சம் யோசித்துவிட்டு, மெதுவாக மந்திரிகளின் மீசைப் பக்கம் திரும்பினார்கள்.

ஆற்றில் முதலில் குதித்தது எந்த நாட்டு மந்திரி என்று இன்றுவரை ரெண்டு கரையிலும் தகராறு.