சாத்தி வீட்டுக் கல்சட்டி

கேளுங்கள். கோட்டைகளுக்கு மண்ணால் மதில் எழுப்பிய காலத்தில் நடந்தது இது. மலையடிவாரத்துச் சிறு நாடு ஒன்றைக் கொற்றவேல் என்னும் மன்னன் ஆண்டுவந்தான். ஆண்பிள்ளை ஒன்றைப் பெற்றுக் கொடுத்துவிட்டு அவன் மனைவி கண்ணை மூடினாள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் பகைவர் படை திரட்டும் செய்தி வந்தது.

மன்னன் எல்லைக்குப் போயாக வேண்டும். கோட்டையைக் காக்கும் பொறுப்பு அவன் தமக்கை காரிநங்கையிடம் வந்தது. முற்றுகை வந்தால் கைக்குழந்தையை உள்ளே வைத்திருக்க முடியுமா? வெளியே ஒரு வீட்டில் ஒப்படைப்பதென்று முடிவாயிற்று. பிறந்த நாளிலிருந்து அவனைத் தோளில் போட்டுத் தூங்க வைத்தவள் காரிநங்கை. கொடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பிள்ளையை வளர்க்கிறோம் என்று மூன்று பெண்கள் வந்தார்கள். படைத்தலைவரின் மனைவி வந்தாள். முத்து வணிகரின் மனைவி வந்தாள். ஆட்டிடையன் மனைவி சாத்தியும் வந்தாள். முதல் இருவரும் நெடுநேரம் பேசினார்கள். சாத்தியோ, "எங்ககிட்ட ஆட்டுப்பால் இருக்குது, தாயே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

காரிநங்கை நகைகளைக் கழற்றி வைத்தாள். பழைய நூல்சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, முக்காடிட்டு, வழிப்போக்கியைப் போல் புறப்பட்டாள்.

முதலில் படைத்தலைவர் வீட்டு வாசலில் நின்று, "பசிக்கிறது" என்றாள். கூடம் நிறைய வெண்கலப் பாத்திரங்கள் மின்னின. கொல்லைப்புறத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். அன்றாடம் சமைக்கும் கல்சட்டி அங்கே கிணற்றடியில் கிடந்தது. பழைய குழம்பு அதில் காய்ந்து ஒட்டியிருக்க, நாய் ஒன்று நக்கிக்கொண்டிருந்தது. காரிநங்கையின் பார்வை போன இடத்தைக் கண்ட வீட்டுக்காரி, "அதுவா? விருந்தாளிக்கு எடுக்கிற பாத்திரமில்லையே, கிடக்கட்டும்" என்றாள்.

அடுத்து வணிகர் வீட்டு வாசலில் நின்று, "பசிக்கிறது" என்றாள். சமைத்து முடித்த வணிகர் மனைவி, கொதி அடங்காத கல்சட்டியில் குடத்துப் பச்சைத்தண்ணீரை அப்படியே கவிழ்த்தாள். சட்டி படீரென்று பிளந்தது. அவள் ஒரு துண்டைக் காலால் ஒதுக்கித் தள்ளினாள். "போனால் போகிறது. ஊரில் வேறு சட்டியே இல்லையா?" என்று சிரித்தாள். காரிநங்கை அங்கே சோற்றைத் தொடாமலே எழுந்து நடந்தாள்.

கடைசியாகச் சாத்தியின் குடிசை வாசலில் நின்று, "பசிக்கிறது" என்றாள்.

சாத்தி மோர் கொடுத்துவிட்டு, கல்சட்டியைச் சிறு தீயில் ஏற்றினாள்.

"பசி உயிர் போகிறது. தீயைக் கூட்டக் கூடாதா?"

"கல்லு மெதுவாத்தான் சூடேறும் தாயே. விரட்டினா விரிசல் விட்டுரும். அதுவரைக்கும் இன்னும் கொஞ்சம் மோர் குடிங்க."

கூழ் வெந்தது. காரிநங்கை வயிறாரக் குடித்தாள். பிறகு வேண்டுமென்றே தண்ணீர்ச் செம்பை எடுத்து, சூடான சட்டியின் மேல் சாய்க்கப் போனாள்.

"கையை எடு!" என்று சாத்தி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் தண்ணீர் இருவர் சேலையிலும் கொட்டியது. விருந்தாளியை அதட்டிவிட்டோமே என்று அவள் முகம் கூசிப் போயிற்று. ஆனாலும் பிடியை விடவில்லை. "மன்னிச்சிருங்க. அது ஆறட்டும். அப்புறம் நானே கழுவிக்கிறேன்."

சட்டி ஆறும்வரை காரிநங்கை காத்திருந்தாள். சாத்தி வெதுவெதுப்பான நீர் விட்டு, நாரால் பதமாகத் தேய்த்துக் கழுவினாள். ஈரம் போகத் துடைத்தாள். மூளியான விளிம்பு யார் கையையும் கிழிக்காதபடி சுவர்ப்பக்கம் திருப்பி, சட்டி உருளாதிருக்க வைக்கோலால் முறுக்கிய பிரிமணை மேல் வைத்தாள். யாருக்கும் காட்டுவதற்காகச் செய்யவில்லை, தினமும் செய்கிற வேலையைச் செய்தாள்.

கோட்டைக்குத் திரும்பிய காரிநங்கை, "பிள்ளை சாத்தியிடம் வளரட்டும்" என்றாள்.

மன்னனுக்குக் கோபம் வந்தது. "என் பிள்ளை ஆட்டுப்பட்டியிலா? எதைப் பார்த்து முடிவு செய்தாய், அக்கா?"

"அவள் தன் கல்சட்டியை வைத்திருக்கும் விதத்தைப் பார்த்து."

"சட்டியும் என் மகனும் ஒன்றா?"

"இல்லை, தம்பி. ஆனால் வலித்தால் சட்டிக்குச் சொல்லத் தெரியாது. உன் மகனுக்கும் இன்னும் சொல்லத் தெரியாது."

மன்னன் தொட்டிலைப் பார்த்தான். பிள்ளையின் போர்வையை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தான்.

மறுநாள் காரிநங்கை தானே பிள்ளையைத் தூக்கிப்போய்ச் சாத்தியின் கையில் கொடுத்தாள். திரும்பும் வழியெல்லாம் அழுதாள்.

மன்னன் எல்லைக்குப் போனபின் பகைவர் கோட்டைக்கும் வந்தார்கள். கோட்டை வாயில் எரிந்தது. தொட்டில் கட்டியிருந்த அறையும் சாம்பலாயிற்று. நெடுங்காலம் போராடி, வென்று, தீப்பட்ட தழும்புகளோடு காரிநங்கை சாத்தியின் குடிசைக்கு வந்தாள். கொழுகொழுவென்று வளர்ந்திருந்த பிள்ளை, அத்தையை அடையாளம் தெரியாமல் சாத்தியின் சேலைக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டான். அதைப் பார்த்துக் காரிநங்கை அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆகவே கேட்டவர்களே, வாய் திறந்து குறை சொல்லத் தெரியாதவற்றை ஒருவர் நடத்தும் விதத்தில்தான் அவருடைய உண்மைக் குணம் தெரியும்.