கிழக்கு பார்த்து உட்கார்ந்த விண்கலம்

கட்டைப்பனையூர்க்காரர்கள் மூன்று பேர் விண்கலத்தில் ஏறிப் போயிருந்தார்கள். இவர்களை ஏன் அனுப்பினோம் என்று அனுப்பியவர்கள் பிற்பாடுதான் யோசித்தார்கள்.

மூவரில் மூத்தவர் மூக்கையா. அவருக்கு ஒரே கவலை. வெள்ளிக்கிழமை அவர் தங்கை மகனுக்கு ஐயனார் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் கிழக்கு பார்த்து உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கினால்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். போகாவிட்டால் தங்கை ஆயுசுக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

இறங்க வேண்டுமானால் கலம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியவேண்டும். அதற்காக முனையிலும் வாலிலும் இறக்கையிலும் ஒவ்வொரு ஆன்டெனா வைத்திருந்தார்கள். வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் சிக்னலைப் பிடித்து ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தைக் கம்பியில்லாமலே திரைக்குச் சொல்லும். மூன்றையும் ஒப்பிட்டால் திசை கிடைத்துவிடும்.

தரையிலிருந்து பொறியாளர் நல்லம்மை ரேடியோவில் சொன்னார்: "திரையில ஊர்ப் பேரும் கிழக்குன்னும் வந்தா, வந்து சேர்ந்தாச்சுன்னு அர்த்தம். அதுவரைக்கும் பெல்ட்டை அவிழ்க்காதீங்க."

மூக்கையா திரையைப் பார்த்தார். மூன்று ஆன்டெனாவும் மூன்று இடத்தைச் சொல்லின.

"ஒரே கலம் எப்படிப்பா மூணு இடத்துல இருக்கும்? ரெண்டு பொய் சொல்லுது."

பங்காளிகளைத் தள்ளித் தள்ளிக் குடிவைத்தால் பேச்சு ஒத்துப்போகாது என்றான் இரண்டாமவன் விருமாண்டி. உடனே பெல்ட்டோடு எட்டி, இயந்திரக் கையால் மூன்றையும் பிடுங்கி உள்ளே எடுத்து ஒரே கட்டாகக் கட்டினார்கள். இப்போது மூன்றும் ஒரே இடத்தைச் சொல்லின. திசைதான் வரவில்லை. அந்த இடமும் கட்டைப்பனையூர் இல்லை.

இளையவன் ஒச்சப்பன் மெதுவாகக் கேட்டான்.

"மாமா, ஆன்டெனா இருக்கிற இடந்தானே கலம் இருக்கிற இடம்?"

"ஆமா."

"அப்ப கலத்தை எதுக்குக் கட்டி இழுக்கணும்? ஆன்டெனாவை மட்டும் அனுப்பினா போதாதா?"

வெகுநேரம் யோசித்தும் இதில் அவர்களுக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. அவசரச் சாமான் இறக்கும் பெட்டியில் அந்த ஆன்டெனாக் கட்டையும் ஒரு ரேடியோவையும் வைத்து, பாராசூட்டோடு தள்ளிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டி கோயில் வாசலில் விழுந்தது. திரையில் ஊர்ப் பெயர் வந்தது. மூக்கையா ரேடியோவில் தங்கையைக் கூப்பிட்டு, கட்டைப் பிரித்து ஆன்டெனாக்களை முனை, வால், இறக்கை என்று பாயில் தள்ளித் தள்ளி வைக்கச் சொன்னார். முனை கிழக்கே. திரையில் "கிழக்கு" என்று வந்தது.

தங்கையும் கட்டைப்பனையூர்க்காரிதான். "அண்ணன் நேரத்துக்கு வந்துட்டாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை ஆன்டெனாக்களுக்கு நடுவில் உட்காரவைத்தாள்.

மேலே மூக்கையா பெல்ட்டை அவிழ்த்து, சம்மணம் போட்டபடி மிதந்து, மடியை விரித்தார். ரேடியோவில் பிள்ளை வீரிட்டு அழுதது. அவர் வெறும் மடியைத் தட்டிக்கொடுத்தார்.

அழுகை நின்றது. தங்கை சொன்னாள்: "அண்ணே, பய மடியை நனைச்சுட்டான்."

மூக்கையா வேட்டியைத் தடவிப் பார்த்தார். அவர் முகமெல்லாம் பூரிப்பு.

"ஒச்சப்பா, மாத்து வேட்டி எடு."