ஆவுடையப்பனின் விரதம்

"ஆவுடையப்பன் இருக்கறது விரதமே இல்லை, சாமி. எல்லாம் வேஷம்."

மடத்தில் அத்தனை பேரும் கும்பிடும் ஆளைப் பற்றிச் சிவசைலம் இப்படிச் சொன்னபோது, குரு பூத்தொடுத்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது நாளா பேசாம இருக்காரே?"

"பேசினா நாக்குக் குழறுது. அதான் மௌனம்."

"சாப்பாட்டையும் விட்டுட்டாரே?"

"இறங்கல, சாமி. உபவாசம்னு நாமதான் பேரு வெச்சோம்."

சிவசைலம் சந்தேகப் பிறவி. பொங்கலில் முந்திரி குறைந்தால் எல்லார் வாயையும் உற்றுப் பார்ப்பவர். இரண்டு மாதமாக ஆவுடையப்பனின் ஜன்னலே கதியென்று கிடந்திருக்கிறார். அதில் அவருக்கு ஒரு சுகமும் இருந்தது.

"மாத்திரை, சாமி. கால் முறிஞ்சப்போ டாக்டர் வலிக்குக் கொடுத்தது. கால் சேர்ந்து எட்டு மாசமாச்சு, இன்னும் முழுங்கறார். முதல்ல ரெண்டு. இப்போ பன்னெண்டு. உள்ளூர்க் கடையில கொடுக்கமாட்டேன்னுட்டாங்க. பக்கத்து ஊருக்குப் போறார், பின்னாலயே போய்ப் பார்த்தேன். கிடைக்காத அன்னைக்கு வேர்த்து ஊத்துது, உடம்பு நடுங்குது."

"போன வெள்ளிக்கிழமை நடுங்கினாரே."

"அன்னைக்குத்தான் அருள் வந்துடுச்சுன்னு எல்லாரும் கால்ல விழுந்தாங்க."

"நான் மாலை போட்டேன்," என்றார் குரு.

பூத்தொடுப்பது நின்றது.

"கையும் களவுமா பிடிச்சுட்டேன், சாமி. இன்னிக்கே வெளியே அனுப்பிடுங்க."

"அனுப்பத்தான் வேணும், ஆஸ்பத்திரிக்கு. எப்போ ஆரம்பிச்சது, எத்தனை மாத்திரை, எப்போ நடுங்குதுன்னு டாக்டர் கேட்பார். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ கூடப் போ."

"நானா?"

குரு அதற்குள் எழுந்து, ஆட்டோ கூப்பிடப் போய்விட்டார்.

சிவசைலம் எரிச்சலோடு போய்க் கதவைத் தட்டினார். ஜன்னலை விட்டுக் கதவுக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை.

ஆவுடையப்பன் திறந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. கிட்டத்தில் பார்க்க மனிதர் பாதியாகியிருந்தார்.

"மாத்திரை விஷயம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வாங்க."

ஆவுடையப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். நாற்பது நாள் கழித்து வாய் திறந்தார்.

"எப்போலேருந்து தெரியும்?"

"ரெண்டு மாசமா."

"அப்பவே ஏன் கூப்பிடல?"