பனிக்கு வைத்த உறை

அந்தக் காலத்தில், வரையாடும் மந்தியும் மனிதரோடு பேசித் திரிந்தபோது, நம் மலை உச்சியில் பன்னிரண்டு மாதமும் பனி கிடந்தது. குன்றன் என்னும் வரையாட்டுக் கடா அதை வைக்கோலில் பொதிந்து, முதுகில் சுமந்து, கீழ்நாட்டில் கொடுத்து உப்பு வாங்கி வரும். பனிக்குக் காவல் ஒரு கருமந்தி.

"பதினொரு கை கிடந்தால் பத்து எடு. ஒரு கையை விட்டுவிடு. பாலுக்கு உறை மாதிரிதான். அது கிடந்தால் மறுநாள் விடியலில் மீதி பத்தும் உறையும்" என்று மந்தி சொல்லியிருந்தது. குன்றன் ஒருநாளும் தவறியதில்லை.

ஒரு பங்குனியில் அடிவாரத்து அங்காயியின் மகள் பூவாளுக்குக் காய்ச்சல் கண்டது. நெற்றியில் பனி வைத்தால் தணியும், உருகினால் ஏறும். ஆறாம் நாள் அனல்காற்று. குன்றன் அவளுக்குச் சுமந்துபோன பத்துக் கை பனியில் நாலுதான் போய்ச் சேர்ந்தது.

"ஏண்ணா, பனி கொண்டாந்தியா, தண்ணிப்பந்தல் வைக்க வந்தியா?" என்ற அங்காயி, சொன்ன வாயோடு அழுதாள். "இன்னும் ஒரு கை இருந்தா எம்புள்ள பொழைச்சுக்குவா."

குன்றன் திரும்பி ஏறியது. மேலே இருந்தது அந்த ஒரு கைதான்.

"டேய் குன்றா, அது பனி இல்லடா, உறை!" என்றது மந்தி. "விடியட்டும், பத்துக் கை தாரேன்."

"காய்ச்சல் விடியற வரைக்கும் பொறுக்குமா அக்கா?"

மந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது. குன்றன் குளம்பால் வழித்து எடுத்தது.

ஓடை நிழலிலேயே ஓடியும், எலுமிச்சம்பழ அளவுதான் மிஞ்சியது. வாசலில் பூவாள் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ அந்தப் பக்கம் திரும்பினதும் வேர்த்து விட்டுருச்சுண்ணா" என்றாள் அங்காயி. "வந்தது வந்தே, அதையும் வச்சுட்டுப் போ."

"இல்லம்மா. திருப்பி வைக்கணும்."

வந்த வழியே ஓடியது. பாதி மலையில் அது வேப்பம்பழ அளவாயிற்று. உச்சியில் வைக்கோல் ஈரமாக மட்டும் இருந்தது. ஒரு சொட்டாவது இறங்காதா என்று குன்றன் பாறையில் முதுகைத் தேய்த்தது.

"எவ்வளவு இருக்கு?" என்று கேட்டது மந்தி.

"ஒண்ணுமில்ல, அக்கா."

ஈரம் ஊறிய இடத்தில் முடி வெளுத்துப்போயிருந்தது.

அன்று முதல்தான் வயதேறிய வரையாட்டுக் கடாவின் முதுகு நரைத்துக் கிடக்கிறது. மார்கழியில் மலைப்புல்லில் வந்து படியும் பனியும், பற்றிக்கொள்ள உறை இல்லாமல், வெயில் ஏறுமுன் போய்விடுகிறது.