முரசு அறையாத காலை

முன்னொரு காலத்தில், சேவலுக்கும் முன்னால் முரசு எழுந்துவிடும் ஒரு நாடு இருந்தது. விடியும்போது கோட்டை வாசலில் பெருமுரசை அறைவார்கள். ஏழு தலைமுறையாக அந்தச் சத்தத்தில்தான் அரண்மனை முதல் மாட்டுக்கொட்டில் வரை கண் விழிக்கும்.

அந்நாட்டு ராஜா குவளைமாறனின் ராணி காய்ச்சலில் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. துக்கம் தாளாமல் கிடந்தவரிடம் ஆஸ்தான பண்டிதர் ஞானதிலகர் போய், இந்த உலகமே எவனோ ஒருவன் உறக்கத்தில் காணும் கனவு என்றார். ராணியும் கனவு, நாமும் கனவு, நாம் கையைத் தூக்குவதுகூட நம் விருப்பமில்லை, அவன் காண்பதால் தூக்குகிறோம் என்றார். புண்பட்ட மனசுக்கு அது மருந்துபோல இருந்தது. மருந்தும் அளவுக்கு மிஞ்சினால் நஞ்சுதானே. ஆறு வயது மகள் வஞ்சிக்கொடி ஓடிவந்தால், "இதுவும் கனவு" என்று ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிள்ளை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டு, விகடகவி சொக்கப்பன் அவளுக்குச் சோறு பிசைந்து வைத்துக் கெஞ்சினார். அவள் கேட்டாள்: "மாமா, நான் நிஜமா இல்லையா? அப்பா சொன்னாங்க."

ஊரையே சிரிக்கவைக்கும் சொக்கப்பனுக்கு அன்று அழுகை வந்துவிட்டது. நேரே சபைக்குப் போய், பெற்ற பிள்ளையைக் கனவு என்று சொல்வது அடுக்காது என்றார். அவர்மேல் நெடுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த பண்டிதருக்கோ வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்தது மாதிரி ஆயிற்று. கனவில்லை என்றால் விகடகவி நிரூபிக்கட்டுமே என்று எடுத்துக்கொடுத்தார். ராஜாவும், "நாளை உச்சிப்பொழுதுக்குள் நிரூபி. இல்லையேல் நாட்டை விட்டுப் போ" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் முரசு ஒலிக்கவில்லை.

வெயில் முகத்தில் விழுந்த பிறகே ராஜா எழுந்தார். வெளியே வந்தால், காவலர்கள் ஈட்டிக் காம்பில் துணி சுற்றி நுனிக்காலில் நடக்கிறார்கள். யானையின் மணிக்குள் பஞ்சு. மந்திரிமார் தும்மலை அடக்கிக் கண்கலங்கி நிற்கிறார்கள். முரசடியில் சொக்கப்பன் நின்றார். பக்கத்தில் சிலம்பில் பஞ்சடைத்த வஞ்சிக்கொடி உதட்டில் விரலை வைத்திருந்தாள்.

ஏன் முரசு அறையவில்லை என்று ராஜா அதட்டினார்.

"மெல்ல, மகாராஜா," என்று கிசுகிசுத்தார் சொக்கப்பன். "நம்மைக் கனவு காண்கிறவர் விழித்துக்கொள்ளப் போகிறார். அவர் விழித்தால் நாம் எல்லோரும் போச்சு. ஏழு தலைமுறையாக அவர் காதருகே முரசு அறைந்தும் பிழைத்திருக்கிறோம் என்றால், ஏதோ புண்ணியம்."

பண்டிதர் உளறல் என்று உரக்கச் சிரித்தார். சொக்கப்பன் பணிவாகக் கோலை எடுத்து அவரிடமே நீட்டினார். "தாங்களே அறையுங்கள், ஐயா. கலைந்தால் கலைவது கனவுதானே. யாருக்கு என்ன நஷ்டம்?"

சபையே பார்த்துக்கொண்டிருந்தது. பண்டிதர் கோலை ஓங்கினார். அவர் வீட்டில் பேரன் பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. காலையில் அவன் அவர் விரலைப் பிடித்த பிடி நினைவுக்கு வந்தது. ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது.

அந்தக் கணத்தில் ராஜா ஓடினார். கிரீடம் உருண்டது, அதை யாரும் எடுக்கவில்லை. அவர் மகளை வாரி அணைத்துக்கொண்டு, "அறையாதே" என்று அலறினார்.

பண்டிதர் கோலைக் கீழே வைத்தார். அவர் கண்ணும் நனைந்திருந்தது. அதற்காக அவரை நான் பாதி மன்னித்துவிட்டேன்.

"இது கனவில்லை என்று நிரூபிக்க எனக்குத் தெரியாது, மகாராஜா," என்றார் சொக்கப்பன். "ஆனால் கைவிட மனசு வராதது எதுவோ, அதைக் கனவென்று ஒதுக்க முடியாது என்று மட்டும் தெரிகிறது."

ராஜா மெதுவாகக் கேட்டார்: "ஓடியது நானா, சொக்கப்பா? இல்லை, கனவு காண்கிற அவன் என்னை ஓடவைத்தானா?"

"அது எனக்கெப்படித் தெரியும், பிரபு? குழந்தைக்கு அந்த விசாரமெல்லாம் இல்லை. அப்பா வந்தார், அவ்வளவுதான்."

வஞ்சிக்கொடி தகப்பன் காதில், "இப்ப நான் அடிக்கட்டுமா?" என்றாள். ராஜா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அவளைத் தோளில் தூக்கிக் கோலைக் கையில் கொடுத்தார். எல்லோரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள்.

தொம்.

கண்ணைத் திறந்தார்கள். யானை இருந்தது. வெயில் இருந்தது. பண்டிதர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து ராஜா சிரித்தார், நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. கழுத்து முத்துமாலையைக் கழற்றி விகடகவிக்குப் போட்டு, இன்னும் என்ன வேண்டுமென்று கேட்டார். குழந்தைக்குப் பசிக்கிறது, தாங்களே ஊட்டினால் போதும் என்றார் சொக்கப்பன். ராஜா அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து ஊட்டினார். தாயில்லாத வீட்டில் தாய்க்குத் தாயாக இருந்து அவர் வளர்த்த மகள், பிறகு நாடாண்ட கதை வேறு.

அந்த ஊரில் இன்றும் விடியல் முரசு கேட்டால் யாரும் சட்டென்று கண் திறப்பதில்லையாம். முதலில் கை நீட்டி, பக்கத்தில் படுத்திருப்பவரைத் தொட்டுப் பார்ப்பார்களாம். இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் கண்ணைத் திறப்பார்களாம்.