ஒப்புதலுக்குக் காத்திருப்பவை

இந்தக் கதையில் குருவுக்கு வயசு முப்பத்தி நாலு. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. என்ன செய்ய, தெரிந்தவர்தானே குரு.

குருவின் பெயர் பெனாசிர். மேலப்பாளையத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவந்தார். அதிகம் பேசமாட்டார். சீடர் குற்றாலிங்கம், ஓய்வுபெற்ற சார்பதிவாளர். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். கையெழுத்துப் போட்ட கை மட்டும் இருந்துவிடுமா?

"டீச்சர், எனக்கு ஒரு வலைப்பூ வேணும்" என்றார்.

"எதுக்கு சார்?"

"எழுதத்தான்."

"யாருக்கு?"

குற்றாலிங்கம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் சொல்லிவிட்டார்.

"என் மகன் நயினார் பெங்களூர்ல இருக்கான். பேச்சுவார்த்தை கிடையாது. என்னைக் கேக்காம கல்யாணம் முடிச்சிட்டான். பதிவு பண்ணினதும் வேற ஊரு ஆபீஸ்ல."

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அவர் குரல் கம்மியது.

"போன்ல பேசலாமே சார்?"

"நானாப் போயா? நல்லாச் சொன்னீங்க. நான் பாட்டுக்கு எழுதுதேன். சொந்தக்காரங்க மூலமா அவன் காதுக்கு எட்டும். வாசிச்சா அவனே பேசட்டும்."

பெனாசிர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"முதல்ல ஒரு பேர் வாங்கணும். அப்புறம் ஹோஸ்டிங் கணக்கு. அது வாடகைக்கு இடம் பிடிக்கிற மாதிரி. அந்த இடத்துல மென்பொருளை நிறுவிட்டா வலைப்பூ தயார்."

வாடகை என்றதும் குற்றாலிங்கத்துக்குத் தெம்பு வந்துவிட்டது. ஹோஸ்டிங் கணக்கின் நிபந்தனைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். உலகத்தில் அதை வாசித்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். சாட்சி யார், கையெழுத்து எங்கே என்று கேட்டார்.

"அதெல்லாம் கிடையாது சார். 'ஏற்கிறேன்'னு ஒரு அமுக்கு, அவ்வளவுதான்."

"என்ன அநியாயம்" என்று சொல்லிக்கொண்டே அமுக்கினார்.

"தரவுத்தளம்னு கேக்குதே, அது என்ன?"

"உங்க ஆபீஸ் ரெக்கார்டு ரூம். நீங்க எழுதுறது, மத்தவங்க எழுதுறது எல்லாம் அங்கதான் கிடக்கும்."

மென்பொருள் ஏறியது. வெள்ளைத் திரையில் அவர் பெயர் வந்தது. புகைப்படத்துக்கு நிற்பவர் மாதிரி அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அமைப்புகள் பக்கம் திறந்தது. ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"வாசிக்கிறவங்க எழுதுற கருத்து எதுவும் என் ஒப்புதல் இல்லாம வெளியே வரக்கூடாது. இதுல டிக் போடுங்க."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும். முப்பது வருசம் என் கையெழுத்து விழாம ஒரு பத்திரம் செல்லுபடி ஆனதில்லம்மா."

"நீங்களே போடுங்க சார்."

அவரே போட்டார்.

அதன் பிறகு மனுசர் எழுதினார் பாருங்கள், அப்படி எழுதினார். நயினாரை கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போனது, அவனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, அவன் அம்மா போன பிறகு இரண்டு பேரும் மாறி மாறிக் கருக்கின உப்புமா. கல்யாணமான அன்று மகனும் மருமகளும் வந்ததையும் எழுதினார். 'அன்று என் வீட்டு வாசல் திறந்தே இருந்தது. அவன்தான் ஏறி வரவில்லை.'

எழுதுவார், வெளியிடுவார், மூடிவிடுவார். வேறு எதையும் தொடமாட்டார். தொட்டால் கெட்டுப்போகும் என்று பயம்.

ஒரு வருசம் ஓடிப்போயிற்று. ஒருநாள் மத்தியானம் வெயிலோடு வெயிலாக மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"டீச்சர், கணக்கை முடிச்சிருங்க. இடத்தைக் காலி பண்ணிருதேன்."

"ஏன் சார்?"

"ஒருத்தன்கூட ஒரு வார்த்தை எழுதல. சொந்தக்காரங்க அவன்கிட்ட சொல்லியாச்சுன்னு சொல்லுதாங்க. கல்லு நெஞ்சு அவனுக்கு. என் பிள்ளை எனக்கு இல்லன்னு ஆயிட்டு."

அவர் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகம் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டார்.

பெனாசிர் அவருடைய பக்கத்தைத் திறந்தார். ஓரத்தில் 'கருத்துகள்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது.

"இதைப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். அது ரொம்ப நாளா கிடக்கு. ஏதோ கோளாறுன்னு விட்டுட்டேன்."

பெனாசிர் அதைத் திறந்தார். 'ஒப்புதலுக்குக் காத்திருப்பவை' என்று தலைப்பு வந்தது. கீழே நயினாரின் பெயர்.

குற்றாலிங்கம் கண்ணாடியைத் தேடினார். அது மூக்கில்தான் இருந்தது.

'அப்பா, எல்லாத்தையும் வாசிச்சேன். கூந்தன்குளம் எனக்கும் ஞாபகம் இருக்கு. உப்புமாவைப் படிச்சிட்டு உங்க மருமக பிருந்தா சிரிச்சா. ஆனா அன்னைக்கு வாசல் திறந்திருக்கல. நாங்க ரெண்டு பேரும் மழையில கேட்டுக்கு வெளியே நின்னோம். நீங்க ஜன்னல்கிட்ட நின்னதைப் பாத்தேன். பரவாயில்ல. பதில் போடுங்கப்பா.'

அதற்குக் கீழே, சில மாதங்கள் கழித்து எழுதிய இன்னொன்று.

'இன்னும் காத்திருக்குன்னுதான் காட்டுது. சரிப்பா.'

மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது மாடிவரை கேட்டது. குற்றாலிங்கம் இரண்டையும் திரும்ப வாசித்தார்.

"வந்திருக்கான்" என்றார். "வந்து நின்னிருக்கான் டீச்சர்."

"ஆமா சார்."

"நான் ஒரு மடையன். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்னு சொல்லுவாங்க. எனக்கு நானே பூசாரியா உக்காந்திருக்கேன்."

பெனாசிர் திரையைக் கொஞ்சம் கீழே நகர்த்தினார். கருத்துக்குக் கீழே மூன்று சொற்கள் இருந்தன. ஏற்றுக்கொள், திருத்து, நீக்கு. குற்றாலிங்கத்தின் விரல் முதல் சொல்லுக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு மெல்ல நகர்ந்தது.

"டீச்சர், 'திருத்து'ன்னு இருக்கே, அது என்னத்துக்கு?"

"அவர் எழுதினதை நீங்க மாத்தலாம்."

"மாத்தினாலும் அவன் பேர்லயேதான் வருமா?"

"அவர் பேர்லயேதான் வரும்."

குற்றாலிங்கம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"மத்ததெல்லாம் எவ்வளவு நல்லா எழுதிருக்கான். அந்த ஜன்னல் சமாச்சாரம் மட்டும்... சொந்தக்காரங்க நாலு பேரு பாக்குற இடம் பாருங்க. அந்த ரெண்டு மூணு வரியை மட்டும் எடுத்துட்டு ஏத்துக்கிடலாம், என்ன?"

பெனாசிர் மவுசை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"தாராளமா எடுங்க சார். ஒரு வருசமா அப்பா பேச்சை நீங்களே எழுதினீங்க. மகன் பேச்சையும் நீங்களே எழுதிட்டா, அப்புறம் அவர் எதுக்கு?"