ஒரு மூட்டை அரிசி பழசான கதை

வெள்ளோடைப்பட்டியில் சடையப்பன் வீட்டில் அண்ணன் தம்பி நான்கு பேர். நான்கு பேரும் சேர்ந்து நின்றால் மாடில்லாமலே பார வண்டியை இழுத்துவிடுவார்கள். உடம்பு அப்படி. மூளை மட்டும் வீட்டுக்கு ஒன்றுதான் இருந்தது. அது சடையப்பனின் பெண்சாதி வெள்ளத்தாயின் தலைக்குள் இருந்தது. அதனால் யாருக்கும் குறை ஒன்றும் தெரியவில்லை.

ஐப்பசியில் அந்த மூளை ஊருக்குப் புறப்பட்டது. வெள்ளத்தாயின் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. எட்டு நாள் கூட இருந்துவிட்டு வர வேண்டும். வீட்டில் ஒரு மூட்டை அரிசி, ஒரு பானை புளி, இரண்டு ஜாடி ஊறுகாய், ஒரு தூக்குச் சட்டி எண்ணெய், கொஞ்சம் மணத்தக்காளி வத்தல். தையில் கதிர் அறுக்கிற வரைக்கும் ஐந்து வயிற்றுக்கும் இவ்வளவுதான்.

பஸ்ஸுக்கு நின்றபோது அவள் புருஷனிடம் சொன்னாள்: "கடைக்குப் போயி ஒண்ணும் வாங்காதீக, இருக்கிறதை வச்சு ஓட்டுங்க. பழசைத் தீர்த்துட்டுத்தான் புதுசைத் தொடணும். எண்ணெயைக் கண்ணுல காட்டினாப் போதும். வத்தலை வெயில்ல காட்டி எடுத்து வைங்க, இல்லாட்டிப் பூச்சி விழுந்துரும். எட்டு நாளைக்கு வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இருங்க. நான் வரும்போது ஒரு பருக்கை வீணாகியிருந்தா, வந்த பஸ்லயே திரும்பிப் போயிருவேன்."

சடையப்பன் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினான். ஐந்து விரலும் மடங்கியது. கடைசியில் சொன்னதற்கு விரல் தேவைப்படவில்லை. அது நேராக நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. கையைத் திறந்தால் ஏதாவது ஒன்று கீழே விழுந்துவிடுமோ என்று வீடு வரைக்கும் மூடியபடியே வந்தான்.

முதல் நாள் உலை வைத்து வடித்தார்கள். சோறு மல்லிகைப் பூவாக ஆவி பறந்தது. கடைக்குட்டி தவசி தட்டோடு வந்தான்.

"தொடாதே," என்றான் சடையப்பனுக்கு அடுத்தவன் கொம்பையா. "ஆவி வருது பாரு. இது புதுசு."

"அப்பப் பழசு எங்கே?"

நேற்று வெள்ளத்தாய் தண்ணீர் ஊற்றி வைத்த அரைப் பானைச் சோறு மூலையில் இருந்தது. அதைத் தின்றார்கள். ஆவி பறந்த சோற்றுக்கு மூடி போட்டு, நாளைக்குப் பழசாகட்டும் என்று ஓரமாக வைத்தார்கள்.

மறுநாள் அந்தச் சோறு பழசானது. பாதி தின்றார்கள். ஆனால் அன்றைக்கும் வடிக்காவிட்டால் அதற்கு அடுத்த நாளைக்குப் பழசு ஏது? எனவே வடித்தார்கள். புதன்கிழமைச் சோறு நன்றாக இருந்தபோது செவ்வாய்க்கிழமைச் சோறு தீரவில்லை. செவ்வாய்க்கிழமைச் சோறு தீர்ந்தபோது புதன்கிழமைச் சோறு நுரைத்துவிட்டது. அடுப்படியில் பானைகள் கிழமை வரிசையில் நின்றன.

தவசி நெடுநேரம் பானைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, நல்ல சோத்தை எப்பத்தான் திங்கிறது?"

"கெட்டுப்போன பெறகு," என்றான் சடையப்பன். அதில் அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

எண்ணெய் விஷயம் சுலபமாக முடிந்தது. கொல்லையில் பறித்த கத்தரிக்காயைத் தண்ணீரில் வேகவைத்துத் தட்டில் போட்டதும், கொம்பையா தூக்குச் சட்டியைத் திறந்து ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் நீட்டினான். மூன்றாமவன் இருளப்பனுக்கு மட்டும் ஒரு குழப்பம் இருந்தது.

"மதினி எந்தக் கண்ணுல காட்டச் சொன்னாக?"

"ரெண்டுலயும் காட்டினா ரெண்டு பங்கு ஆயிராதா?" என்றான் கொம்பையா.

சிக்கனத்தை உத்தேசித்து அன்றிலிருந்து எல்லோரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டார்கள்.

வத்தலுக்குத்தான் மூன்று நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. வானம் மூடிக் கிடந்தது. நாலாம் நாள் மத்தியானம் மேகத்துக்கு நடுவே ஒரு கீற்று வெளிச்சம் விழுந்ததும், நான்கு பேரும் முறத்தோடு வாசலுக்கு ஓடினார்கள். சடையப்பன் முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "பாத்துக்கிடுங்க சாமி," என்றான். பிறகு பத்திரமாக உள்ளே எடுத்து வந்து ஜாடியில் கொட்டி மூடினார்கள்.

கடைசி விரலில் இருந்த கட்டளைதான் பெரிய விவாதமாகிவிட்டது.

"வாயைக் கட்டினா எப்படித் திங்கிறது?" என்றான் இருளப்பன்.

"வயித்தைக் கட்டினா எங்கிட்டுப் போகும்?" என்றான் தவசி.

சடையப்பன் தாடையைத் தடவினான். வெள்ளத்தாய் சும்மா எதையும் சொல்ல மாட்டாள். தனக்குப் புரியவில்லை என்றால் தப்பு தன் மேல்தான் இருக்கும். வெகுநேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு பேர் வாயைக் கட்டுவோம், ரெண்டு பேர் வயித்தைக் கட்டுவோம். திங்கிற நேரம் மட்டும் அவுத்துக்கிடலாம். மறுநாள் மாத்திக்கிடுவோம்," என்றான். வாய் முறைக்காரர்களுக்குத் துண்டு, வயிற்று முறைக்காரர்களுக்குத் தாம்புக் கயிறு. அந்த வீட்டில் இவ்வளவு அமைதி அதற்கு முன் இருந்ததில்லை.

ஆறாம் நாள் காலையில் மேலூரணிப் பெரியகருப்பன் வந்து சேர்ந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். தீக்குச்சியை நெடுக்காகக் கிழித்து இரண்டு தடவை உரசுகிறவர் என்று சுற்று வட்டாரத்தில் பேர். தன் மகள் மாயக்காளுக்கு இருளப்பனைப் பார்த்துப் போகலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்திருந்தார். வெளியூரில் ஒரு வேளை சாப்பாடு ஆகிவிடும் என்பதும் அவர் கணக்கில் உண்டு.

சடையப்பன் அடித்துப் பிடித்து எழுந்தான். தம்பிக்குப் பெண் கேட்டு வெள்ளத்தாய் இரண்டு வருஷமாக அலைகிறாள். அவள் இல்லாத நேரம் பார்த்து இப்படி வந்துவிட்டாரே.

"வாங்க மாமா," என்று பாயைப் போட்டான்.

கொம்பையா அவன் காதில் கிசுகிசுத்தான். "அண்ணே, இவர் நம்ம வீட்டுக்குப் புதுசு. பழசைத் தீர்த்துட்டுத்தானே தொடணும்?"

அது சரியாகப் பட்டதால், கும்பிட்டதோடு நிறுத்திக்கொண்டு யாரும் அவர் கையைப் பிடிக்கவில்லை.

பெரியகருப்பன் மாப்பிள்ளையைப் பார்த்தார். இருளப்பன் துண்டால் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

"பையன் பேசுவாப்லயா?"

"நல்லாப் பேசுவான் மாமா. இன்னைக்கு அவன் வாய் முறை. எனக்கு வயித்து முறை." சடையப்பன் சட்டையைத் தூக்கித் தாம்புக் கயிற்றைக் காட்டினான். "எங்க வீட்டம்மா உத்தரவு. அறுவடை வரைக்கும் தானியம் தாங்கணுமில்ல?"

பெரியகருப்பன் குனிந்து கயிற்றின் முடிச்சைப் பார்த்தார். முப்பது வருஷமாகச் சிக்கனத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். கயிறு வரைக்கும் அவர் யோசித்ததே இல்லை.

சாப்பாட்டு வேளை வந்தது. விருந்தாளிக்கு அன்று வடித்த சோற்றைத்தான் போட வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் மூன்று பானைப் பழசு இருக்கிறது. சடையப்பன், "கொஞ்சம் பொறுங்க மாமா," என்று சொல்லிவிட்டுத் தம்பிகளைக் கூப்பிட்டான். துண்டையும் கயிற்றையும் அவிழ்த்து வைத்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே நான்கு பேரும் நுரைத்த சோற்றை அள்ளி அள்ளித் தின்றார்கள். ஒரு பானை முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதில் தவசிக்குக் கண் பிதுங்கியது. சடையப்பன் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்து, "மதினியை நெனைச்சுக்கிட்டு முழுங்குடா," என்றான்.

பசியோடு பார்த்துக்கொண்டிருந்த பெரியகருப்பனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. வந்தவனுக்குச் சுடுசோறு போடுவதற்காகத் தாங்கள் ஊசல் சோற்றைத் தின்கிறார்களே, இப்படியும் ஒரு குடும்பமா என்று நினைத்தார். அவர் இலைக்குச் சோறு வந்தது. பின்னாலேயே கொம்பையா தூக்குச் சட்டியைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினான்.

"ஒரு கண்ணை மூடிக்கிடுங்க மாமா."

மூடிக்கொண்டார். சட்டியில் எண்ணெய் விளிம்பு வரை நின்றது.

"எப்ப வாங்கினது?"

"போன மாசம்."

பெரியகருப்பன் இலையை வழித்துத் தின்று எழுந்ததும், "பொண்ணு உங்களுக்குத்தான். இப்படி ஒரு வீட்டுல என் மக வாக்கப்படக் கொடுத்து வச்சிருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். பானையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

அன்று சாயங்காலம்தான் சடையப்பனுக்கு விஷயம் உறைத்தது. வீட்டில் பழசு என்று ஒன்றுமே இல்லை. எங்கே பார்த்தாலும் புதுசு. மறுநாள் காலையில் எதைத் தின்பது?

"ஊறுகாய் பழசுதானே?" என்றான் இருளப்பன். ஒரு ஜாடி ஊறுகாயை நான்கு பேரும் தின்றார்கள். விடிய விடியத் தண்ணீர் குடித்தார்கள்.

விடிந்ததும் சடையப்பன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். "தினம் தினம் கொஞ்சம் வடிச்சு அது எப்பப் பழசாகும்னு காத்துக் கிடக்கிறதுலதான் தொல்லை. ஒரே நாள்ல எல்லாத்தையும் பழசாக்கிட்டா தை வரைக்கும் கவலையில்லை."

தம்பிகள் அண்ணனை மரியாதையோடு பார்த்தார்கள். கோயிலில் போய் நான்கு அண்டா இரவல் வாங்கி வந்தார்கள். மூட்டையில் இருந்த முக்கால்வாசி அரிசியும் உலையில் இறங்கியது.

எட்டாம் நாள் காலை வெள்ளத்தாய் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் சோறு, அடுப்படியில் சோறு, படுக்கிற பாயில் சோறு. நடுவில் நான்கு பேரும் வாயும் வயிறும் கட்டி, குளித்து விபூதி பூசி வரிசையாக நின்றார்கள்.

"ஒரு பருக்கை வீணாகலை," என்றான் சடையப்பன். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "இருளப்பனுக்குப் பொண்ணும் அமைஞ்சிருச்சு."

வெள்ளத்தாய் பையைக் கீழே வைத்துவிட்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்தாள். அழவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். எட்டு நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. திட்டுவதற்கு எடுத்த வார்த்தையை முழுங்கிவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். நல்ல வேளையாக மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு, அவ்வளவு சோற்றையும் உப்பும் மிளகாயும் சேர்த்து ஆட்டி, களத்தில் பதினெட்டுப் பாய் விரித்துச் சோற்று வத்தல் பிழிந்தாள். காய்ந்தால் விற்றாவது அரிசி வாங்கலாம். பிழிந்து முடித்தபோது அவளுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது.

"நான் செத்த நேரம் தலையைச் சாய்க்கிறேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். காக்கா வந்தா விரட்டுங்க. அது போதும்."

காக்கா வந்தது. ஒரே ஒரு காக்கா. நான்கு பேரும் எழுந்து விரட்டினார்கள். அது வேப்பமரத்துக்குப் போனது; வேப்பமரத்துக்குப் போய் விரட்டினார்கள். கண்மாய்க் கரைக்குப் போனது. கரையில் ஓடி விரட்டினார்கள். எது வரைக்கும் விரட்ட வேண்டும் என்று வெள்ளத்தாய் சொல்லியிருக்கவில்லை.

அவள் கண் விழித்து வெளியே வந்தபோது களத்தில் ஊர் ஆடு அத்தனையும் நின்றது. ஒரு பருக்கை வீணாகவில்லை. பாயைக்கூட நக்கி முடித்திருந்தன.

பொழுது சாயும் நேரத்தில் நான்கு பேரும் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்கள். சடையப்பன் தலையில் கோழி கவிழ்க்கிற பஞ்சாரக் கூடை ஒன்று இருந்தது. அதை இறக்கி வைத்தான். உள்ளே இருந்து ஒரு காக்கா கரைந்தது.

"மேலூரணி வரைக்கும் விரட்டினோம்," என்றான். "களைச்சுப் போயி மாமா வீட்டு முற்றத்துல விழுந்துச்சு. விசயத்தைச் சொன்னோம். மனுசன் கூடையைப் போட்டுக் கவிழ்த்து, கல்யாணச் சீர்ல இதையும் சேத்துக்கிடுங்கன்னு கையோட கொடுத்துவிட்டுட்டார். அவருக்கு ஒரு வாய் மிச்சமாம்."

வெள்ளத்தாய் கூடையைப் பார்த்தாள். காலிப் பாய்களைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அவள் கவலைப்படுகிறாள் என்று சடையப்பனுக்குப் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாகச் சொன்னான்:

"நீ ஒண்ணும் வெசனப்படாதே. இனிமே காக்கா எப்ப வரும்னு பாத்துக்கிட்டுக் களத்துல காய வேண்டியதில்ல. கைவசம் இருக்கு. நேரம் கெடைக்கிறப்ப நாமளே தொறந்துவிட்டு விரட்டிக்கிடலாம்."